பாட்டிலில் ஒரு விலை, கவுண்டரில் ஒரு விலை!

பாட்டிலில் அச்சடித்திருக்கும் விலை 170 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பிக்குள் இருந்து வரும் குரல் 180 என்கிறது.

"இன்னாண்ணா, 170 தானே போட்டுருக்கு?"

"கூலிங் பீருப்பா. வேணும்னா எடு. இல்லாட்டி நவுரு, பின்னாடி ஆள் நிக்குது."

பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். கடைக்காரரைப் பார்த்து அல்ல, கேள்வி கேட்டவனைப் பார்த்து! "பத்து ரூபாய்க்கு லா பாயிண்ட் பேசறான் பாரு" என்று ஒரு கிண்டல். அவன் வாயை மூடிக்கொண்டு 180ஐ நீட்டுகிறான். பாட்டில் வெளியே வருகிறது. பில் வருவதில்லை.

சோளிங்கர் ஆனாலும் இதே கதை. ராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் ஊர்கள் ஆனாலும் இதே கதை. தமிழ்நாடு பூராவும் பல வருஷமாகக் கேட்கும் புகார் இது. பிராண்டு மாறும், விலை மாறும். அந்த 10 ரூபாய் மட்டும் மாறுவதே இல்லை!

"குடிக்கிறவனுக்கு என்ன நியாயம் வேண்டிக் கிடக்கிறது? நல்லா வாங்கட்டும்" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. குடி கெடுதல் என்பதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அந்தப் பத்து ரூபாயை இழப்பது யார் என்று பார்க்க வேண்டாமா?

காலையில் தோல் ஷெட்டிலும் வார்ப்பட ஆலையிலும் கால் கடுக்க நின்றவன் சாயங்காலம் கடைக்குப் போகிறான். 10 ரூபாய் கூடுதல் என்பதால் அவன் குடிக்காமல் திரும்புவதில்லை. குடித்துவிட்டு, வீட்டுக்குக் கொடுப்பதில் 10 ரூபாயைக் குறைக்கிறான். தினம் ஒரு பாட்டில் என்றால் மாதம் 300 ரூபாய். வருஷத்துக்கு 3,500க்குக் குறையாது. பெண்டாட்டி அரிசிக்கும் எண்ணெய்க்கும் வைத்திருக்கும் கணக்கில் விழும் துண்டு அது. பையனின் நோட்டுப் புத்தகத்திலும் ரப்பர் செருப்பிலும் விழும் துண்டு அது.

2025-ல் மாநிலம் பூராவும் டாஸ்மாக் கடைகள் சுமார் 4,800. ஒரு கணக்குக்காக, கடைக்கு நாளைக்கு 100 பாட்டிலில் மட்டும் 10 ரூபாய் கூடுதல் என்று வைத்துப் பார்த்தால், ஒரு நாளைக்கு 48 லட்சம் ரூபாய். ரசீது இல்லாத 48 லட்சம்!

சாமியார்கள் காய்ச்சும் பீர்

போட்ட விலைக்கு மேல் விற்றாலே கொள்ளை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியுமா? பீர் பாட்டிலிலேயே அதற்கு ஒரு கதை இருக்கிறது. ஐரோப்பாவில் நடந்த கதை.

பெல்ஜியம் நாட்டில் வெஸ்ட்பிளெட்டரன் என்று ஒரு கிராமம். அங்கே செயின்ட் சிக்ஸ்டஸ் என்ற கிறிஸ்துவ மடம். 19-ம் நூற்றாண்டிலிருந்து மடத்துச் சாமியார்களே பீர் காய்ச்சி விற்கிறார்கள். மடத்துச் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் காய்ச்சுவார்கள். கூட்டம் அதிகமாக வருகிறதே என்று ஒரு அண்டா கூட்டிப் போட மாட்டார்கள். பல வருஷம் பாட்டிலுக்கு லேபிள்கூட ஒட்டவில்லை. மூடியின் நிறத்தைப் பார்த்து எந்தப் பீர் என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அதில் ஒரு ரகம் '12' என்பது. 10 சதவீதத்துக்கு மேல் சாராயச் சத்து உள்ள கறுப்புப் பீர். நிலவறையில் வைத்தால் வருஷக்கணக்கில் கெடாது, ருசி கூடும் என்கிறார்கள். உலகத்திலேயே சிறந்த பீர் என்று 2005-ல் ஒரு பட்டியலில் வந்துவிட்டது. அவ்வளவுதான், மடத்து வாசலில் கார்கள் மைல் கணக்கில் நிற்க ஆரம்பித்தன.

2018-ல் மடத்தில் ஒரு பாட்டில் 2 யூரோவுக்கும் குறைவாக இருந்தது. வாங்குகிறவர் "திருப்பி விற்க மாட்டேன்" என்று ஒப்புக்கொண்டுதான் வாங்க வேண்டும். சொன்னால் கேட்பார்களா? நெதர்லாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனி 2018-ல் எப்படியோ ஆயிரக்கணக்கான பாட்டில்களைச் சேர்த்து, ஒன்று சுமார் 10 யூரோ என்று விற்றுத் தீர்த்தது. சாமியார்களுக்குக் கோபம். எங்கள் பேரில் இப்படி லாபம் பார்ப்பதா என்று வெளிப்படையாகவே கண்டித்தார்கள். 2019-ல் விற்பனையை இன்டர்நெட்டுக்கு மாற்றி, யார் எத்தனை வாங்குகிறார்கள் என்று கணக்கு வைக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் அதே சாமியார்கள் ஒரு தரம் தாங்களே விலையை ஏற்றியும் இருக்கிறார்கள்! மடத்துக் கட்டடம் பழுதாகிவிட்டது. பணம் வேண்டும். 2012 டிசம்பரில் அமெரிக்காவில் 6 பாட்டில், 2 கிளாஸ் சேர்ந்த பெட்டி ஒன்று சுமார் 85 டாலர் என்று விற்றார்கள். மடத்து விலையோடு பார்த்தால் பல மடங்கு. ஒருவரும் ஏமாந்ததாகச் சொல்லவில்லை. ஏன்? இன்ன காரணத்துக்காக இந்த விலை என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். வேண்டாதவர் வேறு பீர் வாங்கிக்கொண்டு போகலாம். அந்த நாட்டில் பீருக்கா பஞ்சம்?

சூப்பர் மார்க்கெட் செய்ததில் அந்த நியாயம் இல்லை. காய்ச்சியவர் வேறு, லாபம் பார்த்தவர் வேறு. இடையில் மடக்கிப் பிடித்தது ஒன்றுதான் அந்தக் கம்பெனி செய்த வேலை.

பழைய அரிசி, பழைய பீர்

இதைப் புரிந்துகொள்ள பெல்ஜியம் வரை போகவும் வேண்டாம். நம்மூர் அரிசி மண்டியிலேயே பாடம் இருக்கிறது.

ஆம்பூர் பிரியாணிக்குச் சீரகச் சம்பா வாங்குகிற மாஸ்டர் புது அரிசியைக் கையால் தொடமாட்டார். குழையும். பழைய அரிசிதான் வேண்டும். பழசுக்கு விலை அதிகம் என்று அவருக்கும் தெரியும், சண்டை போடுவதில்லை. மண்டிக்காரர் மூட்டையை மாசக்கணக்கில் வைத்திருக்கிறார். குடோன் வாடகை கொடுக்கிறார். முதலை முடக்குகிறார். எலி தின்றது போக, ஈரம் வற்றியது போக எடை குறைகிறது. அந்தச் செலவும் பொறுமையும் சேர்ந்துதான் அந்த விலை. இந்தக் கடையில் பிடிக்காவிட்டால் அடுத்த மண்டி பத்து அடி தூரத்தில்.

டாஸ்மாக் பீரில் இதில் எது இருக்கிறது?

வைத்திருந்தால் அது ருசி கூடுகிற சரக்கு அல்ல. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். காய்ச்சி 6 மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும் என்று போட்டிருப்பார்கள். பழசானால் விலை குறைய வேண்டிய பொருள்! வெயில் பட்ட பெட்டியில் கிடந்தால் நாற்றமே அடிக்கும். அபூர்வம் என்றும் சொல்ல முடியாது. லாரி லாரியாக வந்து இறங்குகிறது. கோடையில் ஒரு பிராண்டு கிடைக்காமல் போகும், அதோடு சரி. அப்போதும் "இருக்குது, ஆனா..." என்று இழுத்தால் இன்னும் ஒரு பத்து.

அடுத்த கடைக்குப் போகலாமா? அடுத்த கடையும் அதே முதலாளியின் கடை!

இந்த இடத்தில்தான் விஷயம் சிக்கலாகிறது. மதுவிலக்கு இந்தப் பக்கத்துக்குப் புதிது அல்ல. ராஜாஜி ஆட்சியில் 1937-ல் சேலத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு 1939-லேயே வட ஆற்காடு ஜில்லாவுக்கு வந்துவிட்டது. சோளிங்கரும் அப்போது வட ஆற்காடுதான். 1971-ல் எடுத்தார்கள், பிறகு போட்டார்கள், 1981-ல் மறுபடி எடுத்தார்கள். 1983-ல் டாஸ்மாக் கம்பெனி வந்தது. 2003 நவம்பர் 29 முதல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்துவிட்டன. அன்று முதல் தமிழ்நாட்டில் மதுக்கடை என்றால் அரசு கடை ஒன்றுதான். 2024-25 வருஷத்தில் அரசுக்கு இதில் வந்த வருமானம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல்.

விலையை நிர்ணயிப்பது அரசு. வரி போடுவது அரசு. விற்பதும் அரசு. 2024 பிப்ரவரியில் பீருக்கு 10 ரூபாய் ஏற்றினார்கள். அறிவித்துவிட்டு ஏற்றினார்கள், கஜானாவுக்குப் போனது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதற்குக் கணக்கு இருக்கிறது. கவுண்டரில் ஏறும் 10 ரூபாய்க்கு எந்த உத்தரவு, எந்தக் கணக்கு?

அந்தப் பத்து எங்கே போகிறது?

கம்பிக்குள் நிற்கும் ஆளைத் திருடன் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

"பெட்டி இறக்கற லோடுமேனுக்கு கூலி கொடுக்கணும். வர்ற வழியில பாட்டில் உடைஞ்சா எங்க தலையில. பிரிட்ஜ் ரிப்பேர் ஆனா எங்க கைக்காசு. கரண்ட் பில்லு, கூட்டிப் பெருக்கற ஆளு, வந்து போறவங்களுக்கு கவனிப்பு. எல்லாத்துக்கும் எங்க போறது சார்?" இது டாஸ்மாக் ஊழியர்கள் வருஷக்கணக்காகச் சொல்லும் பாட்டு. சங்கங்களும் கூட்டம் போட்டுச் சொல்லியிருக்கின்றன.

இதில் பொய்யும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் எல்லாமே பொய் என்று தள்ள முடியாது. 2003-ல் தொகுப்பூதியத்தில் எடுத்த ஆட்கள். அப்போது கல்யாணம் ஆகாத பையன்களாக வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது காலேஜில் படிக்கிறார்கள். இன்னும் நிரந்தரம் இல்லை. 2025 ஏப்ரலில் சுமார் 23,600 ஊழியர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் கூட்டிக் கொடுத்தது அரசு. அதற்கு வருஷத்துக்கு ஆகும் செலவு 64 கோடி. 48,000 கோடி வசூலித்துக் கொடுக்கிற கைகளுக்கு 64 கோடி!

இராத்திரி 10 மணிக்குக் கடையைப் பூட்டி, வசூல் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதும் அவர்கள்தான். கத்தி காட்டி மிரட்டி, அடித்துப் பறித்த வழக்குகள் தமிழ்நாட்டில் எத்தனையோ.

ஆக, கம்பெனி கொடுக்க வேண்டிய செலவைக் கம்பெனி கொடுப்பதில்லை. கொடுக்காததை ஊழியர் குடிக்க வருகிறவனிடம் பிடுங்குகிறார். பிடுங்கியதில் செலவு போக மிச்சம் யார் யார் பைக்குப் போகிறது என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். மாட்டும்போது மட்டும் விற்பனையாளர் சஸ்பெண்டு, சூப்பர்வைசர் டிரான்ஸ்பர். அடுத்த வாரம் வேறு ஆள், அதே 180.

பாவம் என்று ஊழியருக்கு இரக்கப்படலாம். அவர் கஷ்டத்தை அவரைவிடக் கஷ்டப்படும் கூலிக்காரன் தலையில் கட்டுவதை நியாயம் என்று சொல்ல முடியாது. கூலிங்குக்குச் செலவு ஆகிறதா? சரி. அதையும் சேர்த்து விலையாக அச்சடிக்கட்டும். பார்த்துவிட்டு வாங்குகிறவன் வாங்கட்டும்.

இதிலே இன்னொரு குழப்பம் வேறு. காட்டில் கிடந்த உடைந்த பாட்டில்கள் விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்று ஐகோர்ட்டு வரை வழக்குப் போய், 2022-ல் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்த 10 ரூபாய் திரும்பி வரும். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அது போனது. அதுவும் 10, இதுவும் 10! அந்தப் பத்து பாட்டிலோடு போய்ப் பாட்டிலோடு திரும்புகிறது. இந்தப் பத்து போனால் போனதுதான். இரண்டையும் குழப்பி "கவர்ன்மெண்டே பத்து ரூபா கூட வாங்கச் சொல்லிட்டாங்கப்பா" என்று சொல்லி வாயை அடைப்பதற்கும் இது வசதியாகிவிட்டது.

1,305 படி

சோளிங்கரில் விலைக்கு மேல் விலை என்ற பேச்சு மதுக்கடையில் மட்டும் எழுவதல்ல. மலைப் படியிலும் எழுகிறது. அந்த வழக்கு வேறு மாதிரி.

பெரிய மலையில் யோக நரசிம்மர். 1,305 படி. எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர், அதற்கு 406 படி. ஒரு கடிகை நேரம், அதாவது 24 நிமிஷம், இங்கே தங்கினாலே மோட்சம் என்று நம்பி 108 திவ்ய தேசங்களில் ஒன்றாகக் கும்பிடும் இடம். கார்த்திகை மாதத்தில் நரசிம்மர் கண் திறக்கிறார் என்று ஐதீகம். கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை என்றால் கொண்டபாளையத்தில் கால் வைக்க இடம் இருக்காது.

500 படி ஏறியதும் நாக்கு வறண்டுவிடும். கையில் கொண்டுவந்த பாட்டிலைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போயிருக்கும். அப்போது படியோரத்தில் ஒரு அம்மா தண்ணீர் பாட்டில் விற்கிறார். கீழே 20 ரூபாய் என்றால் மேலே 30 கேட்கிறார். "இன்னாம்மா இது, அநியாயமா இருக்குதே" என்றால், "ஏன் சாமி, தலைமேல வெச்சி தூக்கினு வந்தது யாரு?" என்கிறார்.

என்ன பதில் சொல்வது?

சட்டத்தின் பதில் ரொம்ப எளிது. பாக்கெட்டில் அடைத்த பொருளை அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது. 1977-ல் வந்த விதிகளில் ஆரம்பித்து, 2011 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் சட்டமுறை எடையளவுச் சட்டம் வரை பேச்சு அதுதான். மலை என்றும் பள்ளம் என்றும் அதில் பிரிவு கிடையாது. ஒரே பொருளுக்கு இரண்டு விலை அச்சடிக்கவும் 2018 ஜனவரியிலிருந்து தடை. அந்த அம்மா செய்வது தப்பு.

ஆனால் பெல்ஜியம் மடத்தையும் அரிசி மண்டியையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்த அம்மாவைக் குற்றவாளி என்று சொல்ல நாக்கு கூசும். கழுத்து எலும்பு நோக, பெட்டியைச் சுமந்து படி ஏறியிருக்கிறார். அந்த 10 ரூபாய் அவருடைய கூலி. கீழே 20க்கு வாங்கிக்கொண்டு ஏறுவதற்கும் யாருக்கும் தடை இல்லை. குறை ஒன்றுதான். விலை முன்கூட்டித் தெரிவதில்லை. ஆளைப் பார்த்து, முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து, 30 என்பது 40 ஆகிவிடுகிறது. மயக்கம் வந்து உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் கேட்கும் 40 ரூபாய் கூலி அல்ல.

2024 மார்ச்சில் ரோப் கார் வந்தது. நடந்து போனால் காசே இல்லாத மலைக்கு இதில் போனால் கட்டணம். யாராவது அநியாயம் என்றார்களா? போர்டு இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, வேண்டாதவருக்குப் படி இருக்கிறது. அதே மாதிரி கோயில் நிர்வாகம் தண்ணீருக்கும் ஒரு ஏற்பாடு செய்யலாம். படி வழியில் இத்தனை இடத்தில் இலவசக் குடிநீர் என்று குழாய் வைத்து, அதில் தண்ணீரும் வர வைத்தால் பாட்டில் பிரச்சினை பாதி தீர்ந்தது. சுமை கூலி என்று தனியாக ஒரு தொகையை நிர்ணயித்து அடிவாரத்தில் எழுதிப் போட சட்டம் இடம் தருமா என்று அதிகாரிகள் யோசித்துப் பார்க்கட்டும்.

ஏ.சி. ஓட்டலுக்கு வேறு நியாயம்

சட்டம் ஓர் இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது. அது படியோரத்து அம்மாவின் இடம் அல்ல.

ஓட்டல்களும் ரெஸ்டாரண்டுகளும் தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கலாமா என்று ஒரு வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. 2017 டிசம்பர் 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. விற்கலாம்! ஓட்டலுக்கு வருகிறவர் வெறும் பாட்டில் வாங்க வரவில்லை, உட்கார இடம், பரிமாறும் ஆள், சூழ்நிலை எல்லாம் சேர்த்துத்தான் அங்கே வருகிறார் என்பது அதன் சாரம்.

தீர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. மெனு கார்டில் விலை போட்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டு எழுந்து போகலாம். ஆனால் ஏ.சி. போட்டு நாற்காலி போட்டுக் கொடுப்பது சேவை என்றால், 1,305 படியில் சுமந்துகொண்டு வந்து கொடுப்பது என்ன? மெனு கார்டு அச்சடிக்கத் தெரியாதது ஒன்றுதான் அந்த அம்மா செய்த குற்றமா?

மதுக்கடைக் கவுண்டரை இந்த இரண்டோடும் வைத்துப் பாருங்கள். நாற்காலி இல்லை. பரிமாறுபவர் இல்லை. சுமந்து ஏறியவரும் இல்லை. வெயிலில் வரிசையில் நின்று, கம்பிக்குள் கைவிட்டு வாங்க வேண்டும். 12 மணிக்கு முன்னால் கடை திறக்காது. காந்தி ஜெயந்தி, மே தினம், வள்ளுவர் தினம் போன்ற நாட்களில் கடையே இல்லை. அந்த நாட்களிலும் விடியற்காலையிலும் சந்துக்குள் பதுக்கி விற்பவன் 50, 100 என்று ஏற்றி விற்கிறான். அவன் போலீசுக்குப் பயந்துகொண்டாவது விற்கிறான். பகல் வெளிச்சத்தில், அரசு போர்டுக்குக் கீழே நின்று விற்கும்போது அந்தப் பயம்கூட வேண்டியதில்லை போலிருக்கிறது!

பஸ் நிலையத்துக் கடையில் சோடாவுக்கு 2 ரூபாய் கூட வாங்கினால் எடையளவு அதிகாரிகள் வந்து வழக்குப் போடுகிறார்கள். நல்ல காரியம். அந்த அதிகாரிகள் ஒரு சாயங்காலம் 7 மணிக்குச் சாதா உடையில் மதுக்கடை வரிசையிலும் நின்று பார்க்கலாம். 200 ரூபாய் நோட்டு ஒன்று போதும். மிச்சம் எவ்வளவு வருகிறது என்று எண்ணினால் கேஸ் தயார்.

பில் எங்கே?

டாஸ்மாக்கில் பில் மெஷின் வந்துவிட்டது என்று சொல்கிறார்கள். உண்மைதான். 2024 கடைசியில் ராணிப்பேட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களில்தான் முதலில் சோதனை ஆரம்பித்தது. சோளிங்கர் ராணிப்பேட்டை மாவட்டம். தமிழ்நாட்டுக்கே வழிகாட்ட வேண்டிய ஊர்களில் ஒன்று!

பாட்டிலை மெஷினில் காட்டினால் அச்சிட்ட விலையே பில்லில் விழும். அதில் 10 ரூபாயைச் செருக வழி இல்லை. அதனால்தான் மெஷின் வந்த ஊர்களிலும் பில் தானாகக் கைக்கு வருவதில்லை, கேட்டால்தான் வருகிறது என்று புகார். பில் 170க்கு, கை 180க்கு! மெஷினை வாங்கிப் போட்டதோடு கம்பெனியின் வேலை முடிந்துவிடவில்லை. பில் இல்லாமல் பாட்டில் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு போட வேண்டும். விலைப் பட்டியலைக் கடைக்குள் ஒரு மூலையில் கொசு உட்காரும் எழுத்தில் ஒட்டாமல், வரிசையில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியும்படி எழுதி மாட்ட வேண்டும்.

அதோடு கூட, இறக்கு கூலி, உடைந்த பாட்டில், கரண்ட், பிரிட்ஜ் ரிப்பேர் ஆகியவற்றை ஊழியர் கணக்கிலிருந்து எடுத்துக் கம்பெனி கணக்கில் எழுத வேண்டும். அதைச் செய்யாமல் 10 ரூபாய் வாங்காதே என்று மட்டும் சர்க்குலர் அனுப்பினால், சர்க்குலர் சுவரில் இருக்கும், 10 ரூபாய் கவுண்டரில் இருக்கும்.

வாங்குகிறவர் பக்கம் ஒரு வார்த்தை. தோல் ஷெட்டில் கூலியில் 10 ரூபாய் குறைத்தால் மேஸ்திரியின் சட்டையைப் பிடிக்கிற ஆள், மதுக்கடையில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். குடிக்கப் போன இடத்தில் சண்டை போட்டதாக ஊரில் பேர் வரக்கூடாது என்ற வெட்கம். அந்த வெட்கத்துக்குத்தான் தினமும் 10 ரூபாய் தண்டம். போன் செய்ய வெட்கப்பட வேண்டியதில்லை. நுகர்வோர் புகாருக்கு 1915 என்று ஒரு நம்பர் இருக்கிறது, காசு கிடையாது. எந்தக் கடை, எந்தத் தேதி, பாட்டிலில் என்ன விலை, வாங்கியது எவ்வளவு என்று சொல்ல வேண்டும். கையில் பில் இருந்தால் ரொம்ப நல்லது.

கார்த்திகை ஞாயிறுக்கு மலைக்குக் கூட்டம் வரும். அதற்கு முன்னால் கொண்டபாளையத்தில் குடிநீர்க் குழாயைச் சரி பார்ப்பதும், சோளிங்கர் மதுக்கடைகளில் மெஷின் பில்லைக் கையில் கொடுக்க வைப்பதும் மாவட்ட அதிகாரிகள் ஒரு நாளில் முடித்துவிடக்கூடிய வேலை. கலெக்டர் ஒரு தரம் நேரில் வந்து பார்ப்பாரா?